முழங்கால் உயரத்துக் கலுங்கு

மழையைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தி ஒரு நிலையில் இருக்காது. கோவில்பட்டியிலேயே பிறந்து வளர்ந்த நானும் அதில் சேர்த்திதான். இரண்டு தூறல் விழுந்தால் கடையை விட்டு இறங்கி வந்து வானத்தைப் பார்ப்போம். கையில் குடை இருந்தாலும் விரிக்க மனசு வராது. ஆனால் பெய்த தண்ணீர் ஓடிப்போவதைப் பார்த்தால் மட்டும் வயிறு எரியும். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போகிற மாதிரி இருக்கும்.

ஊருக்குக் கிழக்கே புதிதாகப் போட்ட பிளாட்டில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன வருஷம் அது. அதற்கு முன்னால் அது கரிசல் காடு. பிளாட் போட்டவர் புல்டோசரை விட்டு வரப்புகளையெல்லாம் வழித்துத் தள்ளி, தெருவுக்குத் தெரு செஞ்சரளை கொட்டி, மஞ்சள் கல் நட்டு, கலர் கொடியும் கட்டிவிட்டார். பார்க்கத் திருவிழாப் போலத்தான் இருந்தது. மழைத் தண்ணீர் எப்படிப் போகும் என்று அவரும் யோசிக்கவில்லை, வாங்கின நாங்களும் கேட்கவில்லை. பள்ளமான மூலையில் ஒரு சிமெண்டுக் குழாய் பதித்திருந்தார், அவ்வளவுதான்.

குழாய்க்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவின் புஞ்சை. பிளாட்காரர் எத்தனையோ தடவை கேட்டும் விற்காமல் வைத்திருந்தவர். புருஷன் இல்லை. மகளைப் பசுவந்தனையில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாளாக வெள்ளாமை பார்த்தார். எங்களோடு பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார். என்னைக் கண்டால் “என்ன வீட்டுக்காரம்மா” என்று ஒரு வார்த்தை, அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. மழையை நம்பி முன்கூட்டியே புழுதியில் விதைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அவரும் புரட்டாசியிலேயே உளுந்து விதைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஐப்பசி பிறந்ததும் பிய்த்துக்கொண்டு கொட்டியது. காலனியே தெருவில் நின்றது. சேலை நனைகிறதே என்ற நினைப்புகூட எனக்கு இல்லை. தண்ணீர் நாலு தெருவிலிருந்தும் இறங்கி, மூலைக் குழாய் வழியாகத் திமுதிமுவென்று வெளியே ஓடியது. என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை.

“ஏட்டி, கடையில கெடக்க காலிச் சாக்கெல்லாம் எடுத்துட்டு வா. நம்ம எடத்துல பெஞ்ச மழ நம்ம போர்லதான எறங்கணும்?” என்றார்.

அவருக்குச் சிமெண்டுக் கடை, சாக்குக்குப் பஞ்சமில்லை. ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு சைக்கிள் கடை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். சாக்கில் மண்ணை அள்ளி, குழாயை அடைத்து, மூலையில் கரையும் போட்டாயிற்று. பூங்காவுக்கென்று விட்டிருந்த இடம் கண்முன்னே குளமாகிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அடுப்பைப் பற்றவைத்து பஜ்ஜி போட்டேன். காகிதக் கப்பல் விட்டவர்களில் பாதிப்பேர் பிள்ளை பெற்றவர்கள். அண்ணாச்சி மீன் விடலாம் என்றார். என் வீட்டுக்காரர் கரைமேல் இடுப்பில் கைவைத்து நின்ற நிற்பைப் பார்க்கணுமே. “திறப்பு விழா என்னைக்குங்க?” என்று கேட்டேன். “கேலி பண்ணாத, பஜ்ஜியக் கொண்டா” என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அதற்குப் பிறகுதான். கரிசல் மண் காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். சாக்குக்கு அடியில் அப்படி ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது. தண்ணீர் அதைக் கண்டுபிடித்துக்கொண்டது. கரையோரமாக ஒரு சுழி விழுந்தது, கரை பொதுக்கென்று உட்கார்ந்தது. பஜ்ஜி ஆறுவதற்குள் குளமே காணோம். தெருவில் கிடந்த சரளையையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விட்டது. என் வீட்டுக்காரர் கையில் பாதி பஜ்ஜியோடு நின்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்தபடியே கரையேறிப் பார்த்தால், அக்காவின் கறுப்பு நிலத்தில் பாதி சிவப்பாகக் கிடந்தது. அந்தப் பாதியில் விதைத்த உளுந்தெல்லாம் சரளைக்கு அடியில். அவர் நடுவில் நின்று ஒரு கை சரளையை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். எனக்குச் சிரிப்பு செத்துப்போனது.

“இன்னும் ஒரு வெதப்புக்குத்தான் வித இருக்கு. அதும் போச்சுன்னா நெலத்த அந்த ஆளுக்கே குடுத்துட்டு மக வீட்டுக்குப் போயிருதேன். நீங்க எல்லாரும் நல்லா இருங்க” என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாள் நேரே பிளாட்காரர் ஆபீசுக்குப் போனேன். “தண்ணி பள்ளத்துக்குத்தானம்மா போகும்? அந்தம்மா நெலத்தையும் எடுத்துட்டம்னா பிரச்சினையே இல்ல பாருங்க” என்று சொல்லி கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நல்ல வெயில், கோபம் வேறு. கலரைக் குடித்துவிட்டுத்தான் திட்டினேன். “மேடு பள்ளம் எங்களுக்கும் தெரியும்ங்க. நீங்க வழிச்ச வரப்பத் திருப்பிக் கொண்டாங்க.” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வைராக்கியம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் சட்டியுமாகக் காலனி முழுக்க அக்காவின் புஞ்சையில் இறங்கிவிட்டோம். சரளையை வழித்துத் தெருவுக்கே திருப்பிக் கொண்டுவந்தோம். ஓடி வருகிற தண்ணீர் நிதானப்பட, தெருக்களுக்குக் குறுக்கே தணிவாகக் கல்வரிசை பதித்தோம். அடித்துவரும் மண் தங்குவதற்குப் பூங்கா இடத்தில் பெரிய கிடங்கு வெட்டினோம். மூலையில் குழாயைப் பிடுங்கிவிட்டு, நிறைந்த தண்ணீர் மட்டும் வழிந்து போகிற மாதிரி கல்லால் ஒரு கலுங்கு கட்டினோம். கண்மாய்க்கு இருப்பதுதான், இது குட்டி.

கலுங்கின் உயரத்தில் வந்தது சண்டை. என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் நிறைய நிற்கவேண்டும், அக்காவுக்கு எதுவும் உடைந்து வரக்கூடாது.

“முழங்கால் அளவு இருக்கட்டும்” என்றார் அக்கா.

“சரி, முழங்கால்” என்று இவர் ஒத்துக்கொண்டு தன் காலை வைத்து அளந்தார். இவர் பனைமர உயரம்.

“ஒங்க முழங்கால் என் இடுப்புல்லா? என் காலுக்கு வைங்க.”

“ஒங்க காலுக்கு வச்சா தவளகூட நிக்காது.”

கடைசியில் அண்ணாச்சி என்னைக் கைகாட்டினார். நான் நடுத்தர உயரம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலையில் போய் நின்றேன். என் முழங்கால் மட்டத்துக்குக் கடைசிக் கல்லை வைத்தார்கள். கட்டிய கலுங்கு நாலு நாளில் இறுகியது. அக்கா மிச்சமிருந்த விதையை ஈரத்தில் விதைத்தார். அது முளைத்து இரண்டு இலை விட்டிருந்தபோது, ஒரு மத்தியானம் கிழக்கே மேகம் மசமசவென்று திரண்டது.

பெய்தது பாருங்கள், முந்தின மழையெல்லாம் ஒன்றுமே இல்லை. இந்தத் தடவை யாரும் கப்பல் விடவில்லை. எல்லோரும் மூலையில் நின்றோம். அக்கா உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றார். செக்கச்செவேலென்று வந்த தண்ணீர் கல்வரிசைகளில் தயங்கித் தயங்கி இறங்கி, கிடங்கு நிறைந்து, கலுங்கின் தலைக்கல்லைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

“ஒரே ஒரு கல்லுட்டி. இன்னும் கொஞ்சம் நிக்கும்” என்றார்.

“கீழ போடுங்க” என்று காலனியே கத்தியது. போட்டார், தன் கால்மேலேயே. அவர் நொண்டிக் குதித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கல்லைத் தாண்டி, பால் பொங்கி வழிகிற மாதிரி மெல்ல அந்தப் பக்கம் இறங்கியது. சரளை ஒன்றுகூடப் போகவில்லை. எனக்குக் கண்ணில் வழிந்தது மழையா அழுகையா தெரியவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மழை விட்டதும் அக்கா குனிந்தபடியே உழவுச் சாலுக்குச் சால் பார்த்துக்கொண்டு போனார். கடைசிச் சால்வரை போய்த்தான் நிமிர்ந்தார்.

“ஏட்டி” என்று அங்கிருந்தே கூப்பிட்டார். அம்மாவும் கட்டினவரும் தவிர என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை. யாரையோ என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

“ஒன்னியத்தாம்ட்டி. அந்த ஆளு வந்தாம்னா சொல்லிரு, இங்கன உளுந்து நிக்குது, நெலம் வெலைக்கு இல்லன்னு. நீ வந்து பாரு.”

இரண்டு எட்டு வைப்பதற்குள் கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.