எருமைக்கு மூச்சு இரைத்த நாள்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியில் வடக்குப்பட்டில் மழை விடாமல் பெய்தது. அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் அப்பாவும் நானும், அம்மா வளர்த்த எருமையும் அதன் கன்றும்தான். வேறு ஆள் கை வைத்தால் அந்த எருமை பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் அப்பா, அம்மாவின் பழைய புடவையை உடம்பில் சுற்றிக்கொண்டு கறப்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

ஒருநாள் காலையில் எருமை தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கன்று முட்டியும் பால் இறங்கவில்லை.

"மழையில நின்னுகினு இருந்திச்சில்ல, சளி புடிச்சிருக்கும்" என்றார் அப்பா.

காதைத் தொட்டேன், சுட்டது. வாயிலிருந்து எச்சில் கயிறுபோல் தொங்கியது. உச்சிவேளைக்குள் தாடைக்குக் கீழே வீங்கிவிட்டது. கழுத்தை நீட்டி, நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் கர்கர் என்று சத்தம். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் வந்து வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். "தொண்டை அடைப்பான். ஊசி போடறேன். ஆனா இப்படி இரைக்க ஆரம்பிச்ச பிறகு பொழைக்கிறது கஷ்டம். கன்னுக்குட்டிய வேற எடத்துல கட்டுங்க."

"காலையிலயே கூப்ட்டிருந்தா?" என்று அப்பா கேட்டார்.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

பொழுது சாயுமுன் எருமை முன்கால்களை மடித்துப் படுத்துவிட்டது. அப்பா அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு சுலபமாக வரும் என்று நினைத்தாரோ என்னவோ. கர்கர் சத்தம் நின்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வெகுநேரம் அதன் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, எருமை வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் அப்பா போனார். நானும் போனேன்.

"தீனி எடுக்கலன்னா காதத் தொட்டுப் பாருங்க. சுட்டா ஒடனே டாக்டர இட்டாந்துடுங்க. இரைக்கிற வரைக்கும் வுட்டுடாதீங்க."

ஒரு வீட்டில் எருமைக்குக் காது சுட்டது. உடனே டாக்டருக்கு ஆள் ஓடியது; நாலு நாளில் அது பிழைத்துக்கொண்டது. அன்றைக்கு ஆள் ஓடியதும் அந்த வீட்டு அத்தை, "உக்காருண்ணா, டீ போடறேன்" என்றாள்.

"இல்லம்மா, நேரமாச்சி. போய் கறக்கணும்."

சொல்லிவிட்டு அப்பா அப்படியே நின்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

வீட்டில் கன்று கத்திக்கொண்டிருந்தது. கேட்டு வாங்கிய பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தேன். குடிக்கத் தெரியாமல் என் வயிற்றில் முட்டிக்கொண்டே இருந்தது.