மரத்த கால்களும் சொரசொரப்பான துண்டும்

கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. நானே அடைத்துவிடலாம் என்று ஏறினேன், ஏணி சறுக்கியது. முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புக்கற்றை அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இடுப்புக்குக் கீழே கால்கள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு மனைவி என்னைக் காரில் அழைத்துப் போவாள். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முதல் நாளே சொரசொரப்பான துண்டால் என் உள்ளங்காலைத் தேய்த்தார்.

"எனக்கு ஒன்னுமே தெரியலயே மிஸ், எதுக்குத் தேய்க்கிறீங்க?"

"உங்களுக்குத் தெரியல அண்ணே, ஆனா முதுகுத்தண்டுக்குக் கொஞ்சமாவது சிக்னல் போகும். அது போய்ச் சேர்ற எடத்துல ஒரு புரோட்டீன் வெளிய வரும், நரம்புக்கு உரம் மாதிரி லா. மிச்சம் இருக்கிற கனெக்‌ஷன் அதுல பலமாகும்."

மனைவி அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் தேய்ப்பாள். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலையில் கத்திவிட்டேன்.

"விடு! மரக்கட்டையத் தேய்ச்சு என்ன ஆகப்போகுது?"

அவள் என் மற்றொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து இடது பெருவிரலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போலிருந்தது. சொன்னேன். அவள் என் கண்ணைப் பொத்தி, ஒரு விரலைத் தொட்டு, "இப்ப எந்த விரலு?" என்றாள். சரியாகச் சொன்னேன். மறுபடி கேட்டாள், மறுபடியும் சரி. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன்.

உணர்வு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. போர்வை பட்டாலே வலது கால் நெருப்பாய்க் காந்தியது.

"அதே புரோட்டீன்தான் அண்ணே," என்றார் பிசியோதெரபிஸ்ட். "வலி நரம்பு ஓயாம கத்துனா, வலிக்குப் போற வழியையும் அது பலமாக்கிரும். நல்லது கெட்டது அதுக்குத் தெரியாது."

துண்டை விட்டு மெல்லிய பருத்தித் துணிக்கு மாறினோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். நிலையத்தில் இடுப்பில் வார் கட்டித் தொங்கவிட்டு, டிரெட்மில்லின் நகரும் பட்டையில் நடக்கப் பழக்கினார்கள்.

இப்போது கைத்தடியோடு நடக்கிறேன். பேருந்து ஓட்ட முடியாது. அதே முதலாளியின் அலுவலகத்தில், பிள்ளை இன்னும் வரவில்லையே என்று கேட்கும் பெற்றோருக்குப் போனில் பதில் சொல்கிறேன். வலது காலுக்கு மட்டும் இன்னும் சப்பாத்து ஒத்துவரவில்லை, மாட்டினாலே எரிகிறது.