எல்லாம் நார்மல்தானேக்கா?

லேபில் ரிப்போர்ட் கொடுக்கிற வேலைக்கு வந்துவிட்டால் நம் முகம் நமக்குச் சொந்தமில்லை. கவரை நீட்டும்போது சிரித்தாலும் தப்பு, சிரிக்காவிட்டாலும் தப்பு. எதிரில் நிற்பவர் காகிதத்தைப் படிக்கமாட்டார், நம்மைத்தான் படிப்பார். இந்த மாதிரிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லேபில் பதினோரு வருஷமாகப் பேர் எழுதுகிறேன், ரிப்போர்ட் கொடுக்கிறேன். விளக்கம் சொல்லக்கூடாது, அது டாக்டர் வேலை. ஆனாலும் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள்.

போன வாரம் கேட்கிற பக்கத்தில் நானே இருந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எங்கள் லேபிலேயே ரத்தம் கொடுப்பார். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு இன்னும் கொஞ்சம் ஏறினால் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார். ஏழு மணிக்குக் கொடுத்த ரத்தத்துக்கு ஒன்பது மணிக்குத்தான் முடிவு வரும். உள்ளே ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற மெஷின் வண்டு மாதிரி முனகிக்கொண்டிருந்தது. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் சுவரில் சாய்ந்து கண் செருகிக் கிடந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அவரும். சாப்பிட்டுவிட்டே வரலாம் என்று சொல்லியும் சாப்பிடாமல் வந்திருந்தார். ஜன்னல் வழியாக வெயில் மெல்ல மெல்ல உள்ளே வர, எனக்கும் பாதித் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம். என்றைக்கோ வந்து போன முகங்கள் ஒவ்வொன்றாகக் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றன.

கொட்டை எழுத்து

அளவு தாண்டிய எண்களை மட்டும் எங்கள் கம்ப்யூட்டர் கொட்டை எழுத்தில் அச்சடிக்கும். நார்த்தாமலைப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவருக்குச் சர்க்கரை, கொழுப்பு என்று ஆறு வரி அப்படி வந்திருந்தது. உடனே டாக்டரைப் பாருங்கள் ஐயா என்று மூன்று தரம் சொன்னேன். அவர் அந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர்ச்சியாக வெளியே போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் எதிர் டீக்கடையில் நாலு பேருக்கு நடுவில் காகிதத்தை விரித்து வைத்திருக்கிறார். கையில் டீ, பக்கத்தில் ஜாங்கிரி. ஓடிப்போய் ஜாங்கிரித் தட்டை எடுத்து அங்கிட்டு வைத்தேன். அவருக்கு என் மேல் வருத்தம். "மத்தவுகளுக்கெல்லாம் பொடி எழுத்து. எனக்கு மட்டுந்தான் ஆத்தா பெருசாப் போட்டிருக்காக. நல்ல சேதி இல்லாமலா போடுவாக?"

ஃபிட்

வெளிநாடு போகிற பையன்களுக்கு நார்மல் என்ற வார்த்தை போதாது. அவர்களுக்கு ஃபிட் என்று வரவேண்டும். ஏஜெண்ட் அனுப்புகிற பெரிய டெஸ்டுக்கு முன்னால், பயம் தெளிவதற்காக எங்களிடம் ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள்.

ஆவூரிலிருந்து வந்த ஒரு பையன் ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். வெளியே வேப்பமரத்தடியில் அவன் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. கவரை நீட்டினேன். வாங்காமல் என்னையே பார்த்தான். "ஃபிட்டுன்னா அம்மா அழும், இல்லைன்னா அப்பா அழுவாரு. ரெண்டுல எதுன்னு நீங்களே அவங்ககிட்டச் சொல்லிருங்கக்கா."

ஒண்ணுமில்லை

பெரும்பாலான ஆட்கள் காதில் விழவேண்டும் என்று தவம் கிடக்கிற வார்த்தை இது. ஒண்ணுமில்லை என்று தெரிந்தால் என்னையே கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அரிமளத்திலிருந்து ஒரு பெண் வருவாள். கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் ஒவ்வொன்றாக எடுத்தாள். புருஷனையும் கெஞ்சிக் கூட்டிவந்தாள். கடைசி ரிப்போர்ட்டும் வந்தது. இரண்டு பேருக்கும் எல்லா எண்ணும் அளவுக்குள் இருந்தது. அன்றைக்கு நான் முகத்தைக் கட்டுப்படுத்தாமல் சிரித்தே கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. கவரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ஏதாச்சும் இருந்தா மருந்து சாப்புடலாம்னு இருந்தேன். எல்லாம் நார்மல்னா நான் எதைக்கா சரிபண்றது?"

எப்பயும் போல

ஒன்பது அடித்துப் பத்து நிமிஷம் இருக்கும். டெஸ்ட் பார்க்கிற புனிதா காகிதத்தைக் கொண்டுவந்து மற்ற ரிப்போர்ட்டுகளோடு வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். விளக்கம் சொல்லக்கூடாது என்கிற விதியை அவளாவது காப்பாற்றுகிறாளே என்று கோபம் கோபமாக வந்தது. பிரித்தேன். எண் தெரிகிறது, மனசில் ஏறவில்லை. பையிலிருந்த பழைய ரிப்போர்ட்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே எண். ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

மற்றவர்களுக்கு அது கெட்ட எண்தான். ஆனால் ஏறாமல் நின்றால், இவருக்கு இதுதான் நார்மல் என்று வைத்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேரைக் கூப்பிடாமல் நானே எழுந்து அவரிடம் போனேன். அவர் தூங்கியிருந்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை இன்னும் அமுக்கிப் பிடித்தபடி இருந்தது விரல். தொட்டதும் விழித்து, கவரை வாங்காமல், எப்பயும் போலத்தானே என்று கேட்டார். தலையாட்டினேன். ஆட்டியதுமே எனக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. மெஷின் தப்பாகக் காட்டியிருந்தால்? ட்யூப் மாறியிருந்தால்? புனிதாவிடம் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டார். "ஏறுனாலும் கவலைப்படுவ, ஏறலைன்னாலும் கவலைப்படுவ. பசிக்குது, வா, ரெண்டு இட்லி சாப்புட்டு வருவோம்."

ஆக, இன்னும் மூன்று மாதத்துக்கு எங்கள் வீட்டில் அவருக்கு அவருடைய நார்மல், எனக்கு என்னுடையது.