பஞ்சாரத்தில் எட்டு நாள்

கங்காணியை எதிர்த்து நான் வாயாடினது ஒரு பூனைக்காக. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துல ஆளைக் குறைச்சு, குடும்பம் குடும்பமா கப்பலேத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பின காலம் அது. யோங் பெங் பக்கத்துல எங்க தோட்டம். கீழ் லயத்துல, அதான் கூலிக்காரங்க வரிசை வீட்ல, என்னோட ஒரே கப்பல்ல வந்தவ ஒருத்தி இருந்தா. அனுப்புறவங்க பட்டியல்ல அவ பேரும் வந்துச்சு. லாரி ஏறும்போது தன் சாம்பல் நிறப் பெட்டைப் பூனையை என் கையில திணிச்சா. "கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம். இதைச் சாக விட்டுராதக்கா"ன்னா. சரின்னேன். சொன்னா சொன்னதுதான்.

என் வீட்ல ஏற்கெனவே ஒரு கடுவன் பூனை. மஞ்ச நிறம், ஒரு காது கிழிஞ்சது, லயத்துக்கே ராஜான்னு நெனப்பு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? புது மருமகளை அழைக்கிற மாதிரி அந்தச் சாம்பல்காரியை மஞ்சத்தண்ணியில குளிப்பாட்டி, வாசப்படி தாண்ட வெச்சு, ரெண்டுக்கும் ஒரே தட்டுல கருவாட்டுச் சோறு வெச்சேன். ஒரே தட்டுல சாப்பிட்டா ஒறவு ஒட்டிக்கும்னு என் கூமுட்டைப் புத்தி.

அய்யய்யோ, அந்தச் சண்டையை என்னன்னு சொல்ல! எங்க லயத்துல வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல பலகைச் சுவர்தான், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அடுத்த வீட்ல தாளிச்சா நமக்குத் தும்மல் வரும். ரெண்டும் கட்டிப் புரண்டு சுவர் மேல ஏறி அந்தப் பக்கம் விழுந்துச்சுங்க. அந்தப் பக்கம் கங்காணி வீடு. விழுந்தது மீன் குழம்புச் சட்டியில.

"எட்டு நாள் தர்றேன் புள்ள. அதுக்குள்ள ரெண்டும் அடங்கலைன்னா புதுசா வந்ததைச் சாக்குல கட்டி ஆத்துல வீசிருவேன்"ன்னு கத்தினாரு கங்காணி. என் வீட்டுக்காரர், "எதுக்கு வம்பு, கொடுத்துத் தொலையேன்"ன்னாரு. முடியாதுன்னு சொல்லிட்டேன்.

கப்பல்ல வந்தப்போ எங்களை மட்டும் நேரா தோட்டத்துலயா கொண்டுவந்து விட்டாங்க? பினாங்குல ஒரு தீவுல நாள்கணக்கா அடைச்சு வெச்சு, நோய் இல்லைன்னு பார்த்துத்தானே விட்டாங்க. அதை நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியும். ஆனாலும் அந்த வழிதான் இப்பக் கைகொடுத்துச்சு. கோழி அடைக்கிற மூங்கில் பஞ்சாரத்தைக் கவுத்து, புதுசை உள்ள விட்டு, மேல சாக்கைப் போர்த்தினேன். கடுவன் ஊர் சுத்தப் போற நேரத்துல மட்டும் கதவைச் சாத்திட்டு அவளைத் திறந்துவிடுவேன்.

அவ படுத்த பழஞ்சேலையை எடுத்துக் கடுவனோட மூலையில போட்டேன். அவன் படுத்த சாக்கைப் பஞ்சாரத்துக்குள்ள தள்ளினேன். மொத நாள் அவன் அந்தச் சேலை மேல மூத்திரம் பெய்ஞ்சான். "பெய்டா, உனக்கு மேல பிடிவாதக்காரி நான்"னேன். நாலாம் நாள் அது மேலயே தூங்கினான். கருவாட்டுத் தலை ஒன்னு உள்ள, ஒன்னு வெளிய. தினம் ஒரு சாண் கிட்டக் கிட்ட நகர்த்தினேன். ஏழாம் நாள் சாக்கை எடுத்துட்டேன். மூங்கிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா ரெண்டும் தின்னுச்சுங்க.

எட்டாம் நாள் கங்காணி சாக்கோட வந்து நின்னாரு. அவர் கண்ணு முன்னாலேயே பஞ்சாரத்தைத் தூக்கினேன். கடுவன் எழுந்து போய் அவ மூக்கை மோந்தான். ஒரு உறுமல். நகம் நீட்டாம ஒரு அறை. அவ குனிஞ்சுக்கிட்டா. அவன் திரும்பிப் போய்ப் படுத்துட்டான்.

"இன்னும் உறுமுதே?"ன்னாரு.

"உறுமினா என்னங்க? ஒரே சுவருக்கு ரெண்டு பக்கமும் நீங்களும் நானும் உறுமிக்கிட்டேதானே குடியிருக்கோம்? உங்களை யாரு சாக்குல கட்டினா?"

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சம்சாரமே சிரிச்சுட்டா. அவர் முகம் கறுத்துப்போச்சு. "அடுத்த பட்டியல்ல உன் பேரை ஏத்துறேன் பாரு"ன்னாரு.

"ஏத்துங்க. சாக்கை மட்டும் வெச்சுட்டுப் போங்க, பூனை படுக்க ஆகும்"னேன்.

சாக்கை எடுத்துக்கிட்டுத்தான் போனாரு. பூனை எனக்குத்தான்.

மத்தியானம் கதவைத் திறந்துவிட்டேன். சாம்பல்காரி நேரா கீழ் லயத்துக்கு நடந்தா. தன்னை வளத்தவ வீட்டுப் பூட்டின கதவு முன்னால உட்கார்ந்து கத்து கத்துன்னு கத்தினா. தூக்கப் போன எனக்குக் கை வரலை.

காலைப் பெரட்டுல ஆள் கூப்பிடுற எடத்துலதான் திருப்பி அனுப்புறவங்க பேரை வாசிச்சாங்க. என்னோட கப்பல்ல வந்தவ பேரை வாசிச்ச அன்னிக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். அவ என் முகத்தைப் பார்த்தா. நான் தரையைப் பார்த்தேன். இத்தனை வாயும் எனக்கு அன்னிக்கே இருந்துச்சு.