பிடித்தம் இல்லாத சம்பளம்

கோபக்காரர்களைக் கண்டு பிரகாசம் பயந்ததே இல்லை. அவர் பயந்ததெல்லாம் மரியாதைக்குத்தான். அதுவும் ஒரே ஒருவருடைய மரியாதைக்கு.

பெரியநாயக்கன்பாளையத்தில், பம்புசெட்டுக்குச் சாமான் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் பிரகாசம் லேத் ஓட்டினார். முதலாளி வெங்கடபதி, பருத்திக்காட்டை விற்றுப் பட்டறை போட்ட குடும்பத்துக்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட, "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கங்க" என்றுதான் சொல்வார். நாயும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளிப் படுக்கும்.

இப்படிப்பட்டவர் ஒருவரை வேலையை விட்டு எப்படி அனுப்புவார்? 'போங்க' என்று வாயால் சொல்லக் கூச்சம். அதற்காக ஒரு வழி வைத்திருந்தார். லீவு போட்ட மாதத்தில் பிடித்தமே இல்லாமல் முழுச் சம்பளம் ஏறினால், விடை கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

பாக்கிங்கில் இருந்த காளியாத்தாள், தன் மகன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டாள். சம்பளம் முழுசாக ஏறியது. பூரித்துப்போய்ப் பட்டறைக்கே லட்டு கொடுத்தாள். மறுநாள் காலை, முகம் பார்த்து வருகை போடும் மெஷின் முன்னால் போய் நின்றாள். லேசுப்பட்ட மெஷின் இல்லை அது. முகமெல்லாம் கரி அப்பியிருந்தாலும் ஆளைச் சொல்லிவிடும். இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவன் எவன் என்று பெற்றவளுக்கே சொல்லிக் கொடுத்ததாகப் பேச்சு. அப்பேர்ப்பட்ட மெஷின், இத்தனை வருஷம் பார்த்த காளியாத்தாளை 'பதிவில் இல்லை' என்றது. உள்ளே லட்டு டப்பா இன்னும் காலியாகவில்லை.

வெயில் ஏறியதும் பிரகாசத்துக்கு அம்மை போட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் அவர் மனைவி விமலாராணி வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மைக்கு எங்கே ஆஸ்பத்திரி போவது? போகவில்லை. டாக்டர் சீட்டு இல்லை. ஆகவே, அத்தனையும் சம்பளமில்லாத லீவாகிப்போனது.

விமலாராணி கணக்குப் போடப் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எவ்வளவு போகுமுங்க?"

"சம்பளம் இருபத்து மூவாயிரத்து நானூறு. வேலை நாளு இருபத்தாறால வகுத்தா ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம். பன்னண்டு நாளைக்குப் பத்தாயிரத்து எண்ணூறு."

"நான் இருந்த சிங்காநல்லூர் மில்லுல முப்பதாலதான் வகுப்பாங்க. ஒரு நாளைக்கு எழுநூத்தி எம்பதுதான் வருது. குறையுதுங்க!"

"எங்க குறையுது அம்மணி? முப்பதால வகுக்கறவங்க நடுவுல வர்ற ரெண்டு ஞாயித்துக்கிழமையையும் லீவுல சேர்த்துப்போடுவாங்க. பதினாலு நாளு. பெருக்கிப் பாரு."

"பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து இருவது. அடக் கடவுளே, இன்னும் ஜாஸ்தி! சர்ச்சுக்குப் போற நாளுக்குமா புடிப்பாங்க?"

"இந்த ரெண்டு வாரமும் நான் எங்க போனேன்? வேப்பிலைலதான கிடக்கறேன்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவரோ, "எப்படிப் பார்த்தாலும் பத்தாயிரத்துக்கு மேல போயிரும். போகட்டும், போகட்டும்" என்று ஜெபம் மாதிரி முணுமுணுத்தார். காளியாத்தாள் கதையை அவர் வீட்டில் சொன்னதில்லை.

முன்பெல்லாம் ஒரு நாள் லீவு போட்டாலே, அதை எங்கே வைத்தீர்கள், இதை எங்கே வைத்தீர்கள் என்று பட்டறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த முறை போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. திரும்பிப் போனபோது அவருடைய லேத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில், ஆள் கை படாமல் தானே கடையும் புது சிஎன்சி மெஷின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள வந்துட்டீங்களே! இன்னும் ரெஸ்ட் எடுத்திருக்கலாமுங்க" என்றார் வெங்கடபதி. பிரகாசம் தார்ப்பாயைத் தூக்கி லேத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

சம்பளத் தேதியன்று விமலாராணி துள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க! ஒரு ரூபா புடிக்கலீங்க! முழுசா ஏறியிருக்குது, ஸ்தோத்திரம்! லட்டு வாங்கிட்டு வாரேன்."

"லட்டு வேண்டாம்" என்று கத்தியே விட்டார். பிறகு காளியாத்தாள் கதையைச் சொன்னார். விமலாராணி லட்டுக்கு எடுத்த பையை ஆணியில் திரும்ப மாட்டினாள். "பிடித்தம் இருந்தா வேலை இருக்குதுன்னுதானுங்களே கணக்கு? நாமளே கொண்டுபோய்க் குடுத்துப்போடலாமுங்க" என்றாள்.

இரண்டு கணக்கில் பெரிய கணக்காகவே பார்த்துக் கவரில் போட்டுக்கொண்டு, பிரகாசம் முதலாளி அறைக்குப் போனார்.

"தப்பா ஏறிப்போச்சுங்க. என்ர லீவுக்குப் பிடித்தம் போடலீங்க."

"சம்பளம் பத்தலைன்னு வருவாங்க. ஜாஸ்தின்னு வந்த மொத ஆளு நீங்கதானுங்க."

"ஞாயித்துக்கிழமையும் சேர்த்திருக்கறேனுங்க. எடுத்துக்கோணும்."

வெங்கடபதி கவரைப் பார்த்தார். பிரகாசத்தைப் பார்த்தார். "இவ்வளவு தூரம் சொல்றீங்க. வேண்டாம்னா உங்களுக்கு மரியாதைக் குறைச்சலுங்க" என்று கவரை மேஜை டிராயரில் வைத்து மூடினார். காபி வரவழைத்துக் கொடுத்தார். பிடித்தம் ஆகிவிட்டது! அன்று பிரகாசம் வீட்டுக்கு நடந்து வந்ததாகவே தெரியவில்லை, மிதந்துதான் வந்தார்.

மறுநாள் காலை மெஷின் முன்னால் நின்றார்.

'பதிவில் இல்லை.'

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றார். அதே பதில். கன்னத்தைத் தடவினார். அம்மைத் தழும்பு கைக்குத் தட்டுப்பட்டது. ஓகோ, இதனால்தானா! அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். வெயில் ஏறியது. வெங்கடபதியின் கார் வந்து நின்று கண்ணாடி இறங்கியது.

"ஏனுங்க பிரகாசம், வெயில்ல நிக்கறீங்களே!"

"தழும்புங்க... அதான் மெஷினுக்கு அடையாளம் தெரியலீங்க. மறைஞ்சா தெரிஞ்சுக்குமுங்களா?"

"உடம்பைப் பார்த்துக்கங்க. ஊட்டுல போய் நல்லா ரெஸ்ட் எடுங்க."

கண்ணாடி ஏறியது. கார் உள்ளே போனது. கவர் அந்த டிராயரில்தான் இருந்தது. பிரகாசம் திரும்பினார். வாசலில் கிடந்த நாய், யாரும் சொல்லாமலே எழுந்து தள்ளிப் படுத்து, அவருக்கு ரோட்டுப் பக்கம் வழி விட்டது.