நீளப் பெயருக்கு விழுந்த சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒருவரைக் கிட்டத்தட்ட மோசடிக்காரி என்றே சொல்லிவிட்டார்கள். யாரை என்கிறீர்களா? என்னைத்தான்!

தூத்துக்குடியில் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய சூடு ஆறுவதற்குள் கதவோரம் துருப் பிடித்துவிடும். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு, எட்டு கார். கூரை போட்ட பார்க்கிங்கோ ஒன்றே ஒன்று. அதனால் மாதாமாதம் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யார் பெயர் வருகிறதோ, அவருக்கு அந்த மாதம் கூரை. பெயர் எழுதிக் குலுக்குவது செக்ரட்டரி... அதாவது நான்.

தொடர்ந்து மூன்றாவது மாதமாகப் பெர்னாண்டோ அண்ணாச்சிக்கே விழுந்தது. ஹார்பர் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனவர், அதிர்ந்து பேசமாட்டார்.

"ஏம்மா மாலா, எட்டு பேர்ல மூணு தடவையும் ஒரே ஆளுக்கா? எப்படிக் குலுக்குதிய?" என்றார் மாடி வீட்டுச் சுடலைமுத்து அண்ணாச்சி.

"சீட்டை எடுத்தது உங்க வீட்டம்மாதான?"

"எடுத்தது அவ. எழுதினது நீங்கள்லா?"

பெர்னாண்டோ அண்ணாச்சி இறங்கிப் போய்க் காரைத் தெருவில் நிறுத்தினார். "எனக்கு அந்த எடமே வேண்டாம்மா" என்றார்.

இரண்டு அண்ணாச்சிகளும் தினமும் பீச் ரோட்டில் சேர்ந்து நடக்கிறவர்கள். மறுநாள் காலை ஒருவர் சாலையின் இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம்! ஒரு கார் நிற்கும் இடத்துக்காகவா இத்தனை வருஷப் பழக்கம் போக வேண்டும்?

அன்று மாலை இரண்டாவது மாடி ரெஜினா வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. "ஆன்ட்டி, அந்தச் சீட்டை அப்படியே தாங்க. இப்பத்தான் ஸ்கூல்ல நிகழ்தகவு நடத்துதாங்க" என்றாள்.

"அதான் எட்டுல ஒண்ணுன்னு தெரியுமே?"

"எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி கைக்கு வந்தாத்தான் எட்டுல ஒண்ணு. வருதான்னு எடுத்துப் பாக்கணும்லா?"

சம்படத்தில் போட்டுக் குலுக்கினாள். கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள், பெயரைக் குறித்தாள், திரும்பப் போட்டாள். இப்படி நாற்பது தடவை. கணக்குப்படி ஆளுக்கு ஐந்து வர வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் தப்பில்லையாம். பெர்னாண்டோ அண்ணாச்சிக்குப் பதினான்கு. எனக்கு ஒன்று!

சீட்டுகளை வரிசையாக வைத்தோம். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சியின் முழுப் பெயர் இன்னாசி மைக்கேல் சவரிமுத்து பெர்னாண்டோ. அவ்வளவையும் எழுத நான் பெரிய தாளாகக் கிழித்திருந்தேன். மடித்தால் கட்டை விரல் பருமன்! 'மாலா'வுக்கு ஒரு துணுக்குப் போதுமே... அது அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. விரல் தேடிப் போனால் எது தட்டுப்படும்?

ரெஜினா ஒரே அளவில் எட்டுத் துண்டு வெட்டி, பெயருக்குப் பதில் கதவு எண் எழுதினாள். மறுபடி நாற்பது தடவை. இந்த முறை நான்கு, ஆறு, ஐந்து, மூன்று என்று அக்கம்பக்கமாகவே வந்தது. "இன்னும் நெறைய தடவை எடுத்தா எட்டுல ஒண்ணுக்கு இன்னும் கிட்ட போகும், ஆன்ட்டி."

வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுப் பழைய சீட்டுகளைக் காட்டினோம். சுடலைமுத்து அண்ணாச்சி அந்தக் கொழுத்த சீட்டைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "மனசுல வச்சுக்காதம்மா" என்றார். நண்பரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மாதத்துக்கே புதுச் சீட்டுகளைக் குலுக்கினோம். இந்தத் தடவை சுடலைமுத்து அண்ணாச்சியே எடுத்தார். பிரித்துப் பார்த்தவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மறுபடியும் பெர்னாண்டோ அண்ணாச்சி வீட்டு எண்.

எல்லோரும் எண்ணை எட்டிப் பார்த்தோம். அப்புறம், "ஏலே இன்னாசி, ஒனக்கு ராசிலே!" என்று சுடலைமுத்து அண்ணாச்சி நண்பரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கட்டடமே சிரித்தது.

"ராசி இல்ல மாமா, எட்டுல ஒண்ணு. யாருக்கும் விழலாம்" என்றாள் ரெஜினா.

இப்போது பீச் ரோட்டில் இருவரும் சாலையின் ஒரே பக்கம். மனிதர்களைச் சந்தேகப்படுமுன் சீட்டைச் சந்தேகப்பட்டால், பாதிச் சண்டை வரவே வராது.

யாருக்கும் விழலாமாம்... செக்ரட்டரிக்கு எப்போது விழும் என்று மட்டும் எந்தக் கணக்கும் சொல்ல மாட்டேன் என்கிறதே!