மாமா படுக்கும் நேரம்

காசிமேட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என்னைத் தெரியாதவர் கிடையாது. மூன்று லாஞ்சு என் பேரில் கடலுக்குப் போகிறது. ஐஸ் உடைக்கிற மிஷின் இரண்டு வைத்திருக்கிறேன். படித்தது இரண்டாம் கிளாஸ், அதுவும் முழுசாக இல்லை. ஏலத்தில் என்னை ஏமாற்றுகிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஒன்பது வயதில் கூடை எடுத்தேன், யார் தயவும் இல்லாமல் வந்தேன் என்று போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்த முதல் கூடையில் இருந்த மீன் யாருடையது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அது என் மாமாவுடைய மீன். அம்மாவின் தம்பி, எங்களோடு ஒரே குடிசையில் இருந்தவர்.

வெள்ளைக்காரன் கப்பலேறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அப்போது எங்கள் குப்பத்தில் மணலும் கட்டுமரமும் ஓலைக் குடிசையும்தான். விடியுமுன் கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசும். அதைப் பிடித்தால்தான் கட்டுமரம் கடலுக்குள்ளே போகும். தூங்கிவிட்டால் அன்றைய பாடு போச்சு. அதனால் எழுப்புவதற்கென்றே குப்பத்தில் ஓர் ஆள் வைத்திருந்தார்கள். காற்று திரும்பினதும் அவர் வீடு வீடாகக் கதவுத் தட்டியைத் தட்டிக்கொண்டு போவார். மரங்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரு கை மீன் அவருக்கு.

மாமாவை விட அதற்கு ஏற்ற ஆள் எங்கே கிடைப்பான்? வருஷத்தில் சில மாதம் அவருக்குத் தூக்கமே கிடையாது. மற்றவர்கள் குறட்டை விடும்போது வலை பின்னுவார், பாடுவார், எனக்குக் காத்தாடி ஒட்டுவார். பத்து ஆள் வேலையைச் சிரித்துக்கொண்டே செய்வார். சாமி கொடுத்த ஆள் என்று குப்பமே மெச்சியது. அப்புறம் ஒரு நாள் அப்படியே விழுவார். மாதக்கணக்கில் ஓலையைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பார். அம்மா சோறு ஊட்டினாலும் வாய் திறக்காது. அப்போது அதே ஜனம் சோம்பேறி என்றது. இரண்டும் ஒரே வியாதி என்று யாருக்குமே தோன்றவில்லை. தூங்காத மாமாவால் எல்லோருக்கும் ஆதாயம் இருந்தது. ஆதாயத்தை யார் வியாதி என்று சொல்வார்கள்?

எனக்கும் ஆதாயம்தான். அந்த ஒரு கை, ஒரு கை மீனைச் சேர்த்துக் கூடையில் போட்டு ராயபுரம் தெருக்களில் நான்தான் விற்றேன்.

ஒரு தடவை விழுந்து கிடந்தபோது மாமா எழுந்து கடலுக்குள் நடந்தே போய்விட்டார். நைனா பின்னால் ஓடி, தலைமயிரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார். அதற்குப் பிறகுதான் அம்மா அவரை தர்ம டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனாள். நானும் போனேன். டாக்டர் சீட்டு எழுதியதோடு சரி. மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டர் பாய்தான் அம்மாவை உட்கார வைத்துப் பேசினார்.

"தோ பாரும்மா. மருந்து பாதி, படுக்கை பாதி. எட்டு மணிச் சங்கு ஊதுனா படுத்துடணும். தூக்கம் வரலைன்னாலும் இருட்டுல கெடக்கட்டும். காலையில தெனம் ஒரே நேரத்துக்கு எழுப்பு. இந்த ஊரை எழுப்புற வேலை மட்டும் வேணாம். ஒரு ராத்திரி முழிச்சாலும் மறுபடி கெளம்பிக்கும்."

இன்றைக்கு என் பேரனுக்கும் அதே வியாதி. பெரிய டாக்டர் அதற்கு ஒரு பேர் வைத்து, மாத்திரை எழுதி, கடைசியில் சொன்னது கம்பவுண்டர் பாய் சொன்னதைத்தான். என் வீட்டில் ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும். லாஞ்சு முழுகுகிறது என்று போன் வந்தாலும் அவன் அறைக் கதவை யாரும் தட்டக் கூடாது. மருமகள் என்னை ராட்சசி என்கிறாள். சொல்லட்டும்.

அன்றைக்கு அம்மா கம்பவுண்டர் பாய் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து மில்லில் எட்டு மணிச் சங்கு ஊதினால் எங்கள் வீட்டு விளக்கு அணையும். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய பாட்டிலில் பாய் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருந்த காகிதத்தின்படி ஒரு அளவு மருந்து கொடுப்பது என் வேலை. சத்தம் போடுகிற பிள்ளைகளை விரட்டுவதும் என் வேலை. முதல் மாதம் மாமா புரண்டுகொண்டே கிடந்தார். இரண்டாம் மாதம் தூங்கினார். பிறகு பகலில் மற்ற ஆண்பிள்ளைகள் மாதிரி வலை உலர்த்தினார், அளவாகச் சாப்பிட்டார், அளவாகச் சிரித்தார். மழைக்காலம் போய் வெயில்காலம் வரும்வரை அப்படியே இருந்தார். அம்மாவின் முகத்தில் அப்போதுதான் சதை பிடித்தது.

எனக்கு அந்த மாமா பிடிக்கவில்லை. காத்தாடி ஒட்டாத மாமா. என் கூடையும் காலி.

எழுப்புகிற வேலைக்குக் குப்பத்தில் வேறு ஒருத்தரை வைத்தார்கள். அவர் பாதி நாள் தாமே தூங்கிப் போனார். பக்கத்துக் குப்பத்து மரங்கள் நெத்திலி அள்ளிக்கொண்டு வரும்போதுதான் எங்கள் ஆட்கள் கண்ணைக் கசக்கினார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என் காது படச் சொன்னாள்: "இவ மாமன் கும்பகர்ணன் ஆயிட்டான், அதான் நம்ம வூட்ல உல கொதிக்கல." எல்லோரும் சிரித்தார்கள். தலையில் கூடையோடு நிமிர்ந்து நடந்தவள் நான். எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மருந்து பாட்டிலோடு மாமாவிடம் போனேன். நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் குப்பத்தை எழுப்பும்படி கெஞ்சினேன். அவர் கையிலிருந்த வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"வேணாம் கண்ணு. எழுந்தா எனக்கு நிக்கத் தெரியாது."

"அப்ப என் கூடை?" என்று அழுதேன். வராத அழுகையை வரவழைத்து அழுதேன். மாமா என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மருந்து குடிக்காமலே கூரையில் செருகி வைத்தார்.

மறுநாள் குப்பத்து மரங்கள் முதலில் போய் முதலில் வந்தன. என் கூடை நிரம்பி வழிந்தது. குப்பத்துப் பெரியவர் மாமாவின் முதுகில் தட்டிக் கொடுத்தார். அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யார் இவனை எழுப்பியது என்று வீட்டில் கேட்டபோது, "நானாதான் எழுந்தேன்க்கா" என்றார் மாமா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த ஒரு நாள் ஒரு நாளாக நிற்கவில்லை. எட்டு மணிச் சங்கு ஊத ஊத மாமா வெளியே கிளம்பினார். அம்மா காலைப் பிடித்தாள், வாசலில் குறுக்கே படுத்தாள். தாண்டிக்கொண்டு போனார். ஒரு வாரம் மீன் குவிந்தது. மறு வாரம் காற்று இல்லாதபோதும் தட்டினார். அப்புறம் பட்டப்பகலில் தட்டினார். பிள்ளை பெற்றுக் கிடந்தவள் வீட்டுத் தட்டியைப் பிய்த்தே போட்டுவிட்டார். கடலுக்குள் ஒரு ஊர் தூங்குகிறது, அதை எழுப்ப வேண்டும் என்று பெரியவரின் மரத்தை ஒற்றை ஆளாக அலையில் தள்ளினார். மரம் கவிழ்ந்து துடுப்பும் பாயும் போயிற்று.

அவரை மடக்கிப் பிடித்தவர்கள், அத்தனை நாள் அவர் தட்டி எழுப்பிய ஆட்கள்தான். மரம் கட்டுகிற கயிற்றாலேயே வலை காயப்போடும் கம்பத்தில் கட்டினார்கள். முதல் முடிச்சுப் போட்டவர் முதுகில் தட்டிக் கொடுத்த அதே பெரியவர். நைனா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜட்கா வண்டி பார்க்கப் போனார். அம்மா மணலில் தலையில் அடித்துக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன மாமா வீடு திரும்பவில்லை. ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது.

நல்ல மத்தியானம். அன்றைக்கு வந்த மீனை நான் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெயிலில் நெத்திலி நிற்காது, சீக்கிரம் கிளம்ப வேண்டும். மாமா என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. உதடு வெடித்திருந்தது, கண் இரண்டும் தூக்கமில்லாமல் மிளகாய் மாதிரி சிவந்திருந்தது.

"கண்ணு, எட்டு மணிச் சங்கு ஊதிட்டாங்களா?"

தலைக்கு மேல் சூரியனை வைத்துக்கொண்டு இது என்ன கேள்வி, புத்தி கலங்கினவர் நேரம் தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னும் ஊதல மாமா" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.